கரி நிலாவின் நேரம்

அன்று அப்பாவிடம் நான் சொன்னது எந்த நிலாவின் நேரம்?

எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. பதினாறு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பதில் இல்லை. பிள்ளையை முன்பள்ளியில் விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்துக்குக் கீழே காத்து நிற்கும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. பிள்ளை சாப்பிடவில்லை, பிள்ளைக்குச் சளி, பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை என்று நாம் கதைத்துக்கொள்வோம். அந்த மரத்தடியில் இதைக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாக்களான உங்களுக்கு எழுதலாமா என்றும் பல தரம் யோசித்தேன். போன மாதம் மாமா இறந்துவிட்டார். அவருடைய மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பழுகாமத்துப் பக்கம். அப்பாவுக்கு வாவிக்கரையோடு சேர்ந்த வட்டையில் வயல். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதிரே கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் வாடி என்னும் ஓலைக் குடிசை போட்டு வாவியில் இறால் பிடித்தார். அந்த வருடம் மாமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரவில் தோணியில் போகிற மனிதன் பெண்பிள்ளையை வாடியில் தனியே விட முடியாது என்று அம்மா போய் அவருடைய மகளை, என் மச்சாளை, கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். ஒரே பாயில் படுத்தோம். அவள் கொண்டுவந்த பையில் இரண்டு சட்டை, ஒரு சீப்பு, மாமியின் பழைய கைக்கடிகாரம். கடிகாரம் குவைத் நேரத்தில் ஓடியது. அதை மாற்ற யாரையும் அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மாமி தொலைபேசியில் கதைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை கதைத்து முடித்துவிட்டு மச்சாள் முற்றத்தில் வந்து நின்றாள். கிழக்கே நிலா எழும்பியிருந்தது.

"நிலவப் பாத்தா என்னப் பாத்த மாதிரி எண்டு அம்மா சொல்றாகா," என்றாள். "பொய். இஞ்ச நிலா எழும்பக்குள்ள அங்க இன்னும் வெயில். மணிக்கூட்டப் பாரு."

"அதுக்கு என்ன செய்யிற?"

"எனக்கு வேற நிலா வேணும். அங்க முதல்ல தெரிஞ்சி, மறுகா இஞ்ச வாற நிலா."

அப்படித்தான் அது தொடங்கியது. ஒரு சீஆர் கொப்பியில் நாங்கள் ஒரு உலகத்தை எழுதத் தொடங்கினோம். அந்த உலகத்திலும் ஒரு வாவி இருந்தது, இரண்டு கரை இருந்தன. ஆனால் இரண்டு நிலா. ஒன்று எழுவான்கரையில் உதிப்பது. மற்றது படுவான்கரையில் உதிப்பது. மேற்கே உதிக்கும் நிலா குவைத்துக்கு மேலாக வந்து, பிறகு எங்களிடம் வரும்.

எனக்கு ஒரு குணம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. எதையும் சரிபார்க்காமல் விட முடியாது. மேற்கே நிலா உதிக்க முடியுமா என்று மச்சாளுக்குக் கவலை இல்லை. எனக்கு இருந்தது. பாடசாலைக்குப் புதிதாக வந்த விஞ்ஞான ரீச்சர் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குடையை மடக்கிவிட்டு எங்கள் கொப்பியை வாங்கினார்.

"மேற்கால உதிக்கிற நிலாவா? இருக்கே. செவ்வாய்க்கு அப்பிடி ஒண்டு இருக்கு," என்றார். "செவ்வாய் ஒருக்காச் சுத்தி முடிக்க முதல் அந்த நிலா அதை மூண்டு தரம் சுத்திப் போடும். நிலத்தை முந்திக்கொண்டு ஓடுறதால மேற்கால எழும்பிக் கிழக்கால விழும். ஆனா அப்பிடி ஓட வேணுமெண்டா கிட்ட நிக்க வேணும்."

"எவ்வளவு கிட்ட ரீச்சர்?"

பஸ் வந்தது. ரீச்சர் அதை விட்டுவிட்டார். கொப்பியின் பின்மட்டையில் கணக்குப் போட்டார். ஏழே முக்கால் மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றும் நிலா, இப்போதைய நிலாவைவிட ஏறக்குறைய இருபது மடங்கு கிட்ட இருக்க வேண்டும் என்று வந்தது.

வீட்டுக்கு வந்து மிச்சக் கணக்கை நானே போட்டேன். நிலா கடலை இழுக்கிறது என்று படித்திருந்தோம். இருபது மடங்கு கிட்ட வந்தால் இழுவை இருபது தர இருபது, நானூறு மடங்கு. அதனால் எங்கள் நிலாவை நானூறு மடங்கு சின்னதாக்கினேன். அடுத்த நாள் ரீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கடல் ஏறி இறங்குற கணக்குக்கு மூண்டு தரம் பெருக்க வேணும். எட்டாயிரம். நீங்க எழுதின மாதிரி விட்டா, அந்தக் கடல் உங்கட கோயில் கோபுரத்துக்கு மேலால போகும்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவ எல்லாரையும் சாகடிச்சிட்டா ரீச்சர்!"

பிறகு ரீச்சர் சொன்ன ஒன்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எட்டாயிரம் மடங்கு சின்ன நிலா, இருபது மடங்கு கிட்ட நின்றால், வானத்தில் நமது நிலாவின் அளவாகத்தான் தெரியுமாம். இரண்டும் ஒரே விதமான கல் என்றால், கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும் இரண்டு நிலாவும் கடலை ஒரே அளவு இழுக்கும். எது தூரத்துப் பெரியது, எது கிட்டத்துச் சின்னது என்று கடலுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். கிழக்கே உதிக்கும் நமது நிலா ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது. மேற்கே உதிக்கும் நிலா அப்படி அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கடைசியில் உடைந்து விழும்.

"எப்ப ரீச்சர்?" என்று மச்சாள் கேட்டாள்.

"அதுக்குக் கன லட்சம் வருசம் எடுக்கும்."

"அப்ப பரவாயில்ல. அதுக்குள்ள அம்மா வந்திடுவா."

எங்கள் உலகத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அந்தச் சின்ன நிலா ஒரு நாளைக்கு மூன்று தரம் பறுவமாகும் என்று ரீச்சர் சொன்னதும் வகுப்பே எழும்பி நின்று கத்தியது. பறுவம், அதாவது முழுநிலா, வந்தால் அன்று போயா லீவு. ஒரு நாளைக்கு மூன்று போயா என்றால் பள்ளிக்கூடமே இல்லை. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், எங்கள் வாசலில் மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"தங்கச்சி, அப்ப நோம்புக்கு நாங்க எந்த நிலாட பிறையப் பாக்கிற?"

"நீங்க விரும்பினதப் பாக்கலாம் காக்கா," என்றாள் மச்சாள்.

"அப்பிடிச் சொல்லப்படாது புள்ள, சண்டை வரும்." கொஞ்சம் யோசித்தார். "சின்ன நிலாட பிறை எண்டா, ஒரு நாளைக்கு மூணு மாசம் போகுது. நாலு நாளைக்கு ஒரு பெருநாள். எனக்கு நல்ல யாவாரந்தான். ஆனா எண்ட சைக்கிள் தாங்காது."

ஓகஸ்ட் லீவில் மாமாவின் வாடிக்குப் போயிருந்தோம். அவரிடமும் சொன்னோம். மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு நிலாவா? ஒரு நிலாவோடயே மாசத்தில பாதி நாள் வலைய மடிச்சி வைக்கிறன். வெளிச்சத்தில இறால் எழும்புமா? மத்ததையும் ஏத்திவிட்டா நாங்க என்ன, மண்ணத் தின்னுறதா?"

மச்சாள் அன்று பின்னேரம் முழுக்கக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாடியின் பின்பக்கம் இருந்தாள். பிறகு வந்து என்னிடம் கேட்டாள்: "வெளிச்சம் இல்லாம இழுக்க மட்டும் ஏலுமா?"

ஏலும். பாடசாலை தொடங்கியதும் ரீச்சரிடம் கேட்டோம். செவ்வாயின் அந்த நிலாவே கரிக்கட்டி போலக் கறுப்பாம். வெளிச்சத்துக்கும் இழுவைக்கும் தொடர்பில்லை. மச்சாள் மேற்கு நிலாவைக் கறுப்பாக்கினாள். அதற்குக் கரி நிலா என்று பெயர் வைத்தாள். தன் அப்பாவின் இறாலுக்காகத் தன் அம்மாவின் நிலாவை அணைத்தாள்.

"இனி மாமிக்குத் தெரியாதே," என்றேன்.

"எப்ப மேலால போகுதெண்டு நேரம் எழுதி அனுப்பினாச் சரி. தெரியாட்டியும் போகுதெண்டு தெரியுந்தானே."

அதற்காகத்தான் அட்டவணை. கண்ணுக்குத் தெரியாத நிலாவுக்கு நேரம் எழுதி வைக்க வேண்டும்.

வாடியில் இருந்த நாட்களில் கடல் பக்கம் ஒரு கம்பியை நட்டு, மாமாவின் மணிக்கூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கடல் ஏறி முடிந்து வற்றத் தொடங்கும் நேரத்தைக் குறித்திருந்தோம். எங்கள் கடல் அதிகம் ஏறுவதில்லை. முழங்கால் அளவு வித்தியாசம்கூட வராது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தியது. அது எழுவான் நிலாவின் நேரம். அதை இடதுபக்க நிரலில் எழுதினோம். வலதுபக்க நிரல் கரி நிலாவுக்கு. அது ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே முந்தியது. ஒன்று பிந்தப் பிந்த, மற்றது முந்த முந்த, டிசம்பர் முடியும் வரை இரண்டையும் கணக்குப் போட்டு எழுதினோம். முதல் பக்கத்தில் மட்டும்தான் எந்த நிரல் எந்த நிலா என்று தலைப்புப் போட்டோம். மற்றப் பக்கங்களில் போடவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே என்று நினைத்தோம்.

இனி ஆற்றுவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாவியும் கடலும் சேரும் இடம் அது. வருடத்தில் பெரும்பாலான மாதம் மணல் அடைத்துக்கொண்டிருக்கும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது அந்த மணலை ஆட்கள் சேர்ந்து வெட்டிவிடுவார்கள். வயல்காரர்கள் வெள்ளாமையைக் காப்பாற்ற முந்தியே வெட்டச் சொல்வார்கள். வாவியில் தொழில் செய்பவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். வெட்டினால் இறாலெல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். ஒவ்வொரு மாரியும் இந்தக் கதை வரும். ஒவ்வொரு மாரியும் அப்பாவும் மாமாவும் கொஞ்ச நாளைக்குக் கதைக்காமல் இருப்பார்கள். பிறகு பொங்கலுக்குச் சரியாகிவிடும்.

எங்கள் கொப்பி உலகத்தில் அந்தச் சண்டை இல்லை. இரண்டு நிலாவும் சேர்ந்து இழுக்கும் நாளில் கடல் ஏறி இறங்கி மணலைத் தானே அரித்துவிடும். யாரும் வெட்டத் தேவையில்லை. அதனால் யாரும் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கத்தை மச்சாள்தான் எழுதினாள். அதை நான் சரிபார்க்கவில்லை.

அந்த வருடத்து மாரி முந்தி வந்தது, விடாமல் பெய்தது. எங்கள் கிணற்றில் கையாலேயே தண்ணீர் அள்ளலாம். கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளாகக் காயவில்லை, பாயில் பூஞ்சணம் மணத்தது. வயலில் நெல் குடலைப் பருவம், கதிர் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த நேரத்தில் மூழ்கினால் ஒன்றும் மிஞ்சாது. அப்பா ஒவ்வொரு நாள் காலையும் வரம்பு வரை போய், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு நாளும் முந்தியே திரும்பி வந்தார்.

மாமா ஒருநாள் வந்தார். தாழ்வாரத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார். எடுத்தவுடன் சண்டை வரவில்லை.

"மச்சான், ஒரு கிழமை பொறுங்க. நிலா இல்லாத இந்த இருட்டுப் போகட்டும். இப்பதான் இறால் பருக்குது."

"ஒரு கிழமையில என்ட வெள்ளாம அழுகிடும்."

"உங்களுக்கு அடுத்த போகம் இருக்கு. எனக்கு இந்த இருட்டு மட்டுந்தான்."

"உன்ட புள்ள தின்னுற சோறு இந்த வயல்ல இருந்துதான் வருது."

அம்மா உள்ளே இருந்து "இஞ்சேருங்க" என்று கூப்பிட்டார். அது பிந்திவிட்டது. மாமா கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தார். பாதி தேத்தண்ணி இருந்தது. என் பக்கத்தில் நின்ற மச்சாள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அம்மா படலை வரை போய்க் கெஞ்சியதால் விட்டுவிட்டுப் போனார். இன்னொரு சண்டை வந்தால் அவள் போய்விடுவாள் என்று எனக்கு விளங்கியது. போனால் பள்ளிக்கூடமும் போய்விடும்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம். அப்பா நனைந்து வந்தார். முழங்கால் வரை சேறு. மச்சாள் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள், தேங்காய்த் தும்பு சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், கடல் வத்துற நேரமெல்லாம் நீங்க எழுதி வச்சிருக்கிறீங்களாமே?"

"ஓம் அப்பா."

"நாளைக்கு எப்ப வத்தத் தொடங்கும்?"

வயல்காரர்களுக்குக் கடல் தெரியாது. மற்ற வருடங்களில் அந்த நேரத்தை மாமாதான் சொல்வார். எவ்வளவு சண்டை பிடித்தாலும், கடைசியில் வெட்டுவது என்று முடிவானால் சரியான நேரத்தைச் சொல்வார். கடல் வற்றும்போது வெட்டினால் தண்ணீர் வேகமாக இறங்கி வாயை அகலமாக்கிவிடும். ஏறும்போது வெட்டினால் அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து அடைத்துவிடும். இந்த வருடம் மாமாவிடம் கேட்க அப்பாவுக்கு வழியில்லை. வெட்ட அரசாங்க அனுமதி வரும் வரை காத்திருக்கவும் அவருக்கு நாளில்லை.

கொப்பியை எடுத்தேன். டிசம்பர் பக்கம். இரண்டு நிரல், தலைப்பில்லை. விரலை வைத்து நாளைத் தேடினேன்.

"பதினொன்றரை," என்றேன்.

"சரியாப் பாத்தியா?"

"ஓம்."

"ஆருக்கும் சொல்லாத."

விரல் எந்த நிரலில் இருந்தது? எனக்கு மற்ற எல்லாம் நினைவிருக்கிறது. அப்பாவின் சாரத்திலிருந்து தண்ணீர் சீமெந்தில் சொட்டியது. மண்ணெண்ணெய் விளக்கின் புகை. கொப்பியின் ஓரம் ஈரத்தில் ஊதியிருந்தது. கிணற்றடியில் தும்பின் சத்தம் ஒரு தரம் நின்று மறுபடி தொடங்கியது. நாளைக்கு வெட்டினால் மாமாவின் இறால் போய்விடும், மச்சாள் போய்விடுவாள் என்று நான் நினைத்ததும் நினைவிருக்கிறது. அதை விரலை வைப்பதற்கு முன்னால் நினைத்தேனா பின்னால் நினைத்தேனா என்பது மட்டும் தெரியவில்லை.

அடுத்த நாள் அம்மாவும் நானும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனோம். மச்சாள் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். காலையிலிருந்தே இருபது முப்பது பேர் மண்வெட்டியோடு மணலில் வாய்க்கால் எடுத்திருந்தார்கள். கடல் பக்கம் ஒரு வரம்பு மட்டும் மிச்சம். அப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்றரைக்குக் கையை உயர்த்தினார். வெட்டினார்கள்.

முதலில் தண்ணீர் ஓடியது. மண் நிறத்தில், நுரையோடு. ஆட்கள் சத்தம் போட்டார்கள். அம்மா கும்பிட்டார். ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கும். பிறகு அலை வாய்க்காலுக்குள் ஏறியது. ஒவ்வொரு அலையும் கொஞ்ச மணலை வைத்துவிட்டுப் போனது. ஆட்கள் தண்ணீருக்குள் நின்று வெட்டினார்கள், வெட்ட வெட்ட மூடியது. நாங்கள் கொண்டுபோன சோற்றை யாரும் பிரிக்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் கால் நனையாமல் நடக்கலாம் போல இருந்தது.

ஒருவர் மண்வெட்டியை எறிந்தார். "ஆரு இந்த நேரத்தச் சொன்ன?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கடல் தெரிஞ்ச ஆள்தான்."

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. கடல் தெரிந்த ஆள் என்று அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒருவர். அங்கே நின்ற எல்லோருக்கும் அது யாரென்று தெரியும். ஒரு கிழவர் மணலில் துப்பினார். "மச்சானுக்கே நேரத்த மாத்திச் சொல்லிட்டான்."

நான் பார்சல்களைத் திரும்பக் கூடையில் அடுக்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. காதுக்குள் தண்ணீர் போன மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கேட்டாள். "மாமாட்ட நேரம் ஆரு சொன்ன?" அவளுக்கு மாமா என்றால் என் அப்பா.

"தெரியாது," என்றேன்.

அவள் கொப்பி இருந்த றாக்கைத் தட்டைப் பார்த்தாளா என்று நான் கவனிக்கவில்லை. அவள் குளிக்கப் போன பிறகு கொப்பியை எடுத்து, டிசம்பர் பக்கத்தைப் பார்க்காமலே கிழித்து, அரிசிப் பானைக்குக் கீழே அடுப்பில் வைத்தேன். ஈரத்தாள், எரிய நேரமெடுத்தது. பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் சரிபார்க்கும் நான், அந்தப் பக்கத்தையும் சரிபார்க்காமல் விட்டேன்.

ஐந்தாம் நாள் அனுமதி வந்து, மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தது. ஆற்றுவாய் வெட்டுப்பட்டது. வயலில் தண்ணீர் வற்றியபோது வெள்ளாமை அழுகிப் படிந்திருந்தது. அந்த மணம் வீட்டுக்குள் சாப்பாட்டிலும் இருந்தது. மாமாவின் இறாலும் போனது. இரண்டு பக்கமும் போனது.

அதற்குள், மூன்றாம் நாளே, மாமா வந்துவிட்டார். முற்றத்தில் நின்றார், படி ஏறவில்லை.

"மச்சான், நான் உங்களுக்கு நேரம் சொன்னனா?"

அப்பா தாழ்வாரத்தில் இருந்தார். "நான் உன்ட பேரச் சொல்லல்ல."

"சொல்லல்லத்தான்."

பிறகு மாமா உள்ளே நின்ற மகளைப் பார்த்து, "உடுப்ப எடு மனே," என்றார். மச்சாள் இரண்டு சட்டையையும் சீப்பையும் கடிகாரத்தையும் பையில் போட்டாள். கொப்பியை என் தலையணையில் வைத்தாள். "நீயே வச்சிரு. கணக்கெல்லாம் உன்டதானே," என்றாள். ஒரு பக்கம் குறைவதை அவள் பார்த்தாளா தெரியாது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். நான்கு சொற்கள் போதும். அப்பா அங்கே இருந்தார், அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் என்றும் நினைத்தேன்.

மாமா ஆற்றுவாய் வாடியை விட்டுவிட்டுக் கதிரவெளிப் பக்கம் சொந்தக்காரரிடம் போய்விட்டார். எழுவான்கரையில் அவரோடு தொழில் செய்தவர்களுக்கும், தங்களுக்குத் தெரியாமல் வயல்காரருக்கு நேரம் சொன்னார் என்று கோபம். படுவான்கரைக்குப் பொய் நேரம் சொன்னவர், எழுவான்கரைக்குத் துரோகம் செய்தவர். இரண்டு கரையிலும் அவருக்கு இடமில்லை. மச்சாள் அங்கே எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பொங்கல் வந்தது, அந்த வருடம் ஒன்றும் சரியாகவில்லை. கொப்பி எங்கள் வீட்டில் கன காலம் இருந்தது; மிச்சப் பக்கங்களை வைத்து அந்த நேரத்தைத் திரும்பக் கணக்குப் போட்டிருக்கலாம், நான் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் தேடினேன், இல்லை.

உயர்தர வகுப்பில் படிக்கும்போது இன்னொன்றைத் தெரிந்துகொண்டேன். எங்கள் கரையில் நிலாவின் இழுவை சிறியது. மாரியில் வாடைக்காற்றும் பெரிய அலையும் சேர்ந்தால், கடல் வற்றும் நேரத்திலும் மணலை ஏற்றிவிடும். அப்படியென்றால் நான் சரியான நிரலைச் சொல்லியிருந்தாலும் அந்த வாய்க்கால் மூடியிருக்கலாம். ஓகஸ்டில் குறித்ததை டிசம்பர் வரை நாங்கள் நீட்டியதில் கணக்குப் பிழைத்துமிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் ஆறுதல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அம்மாவான பிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. அப்பா தன் வெட்கத்துக்காகத்தான் மறைத்தார், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நேரம் கேட்டேன் என்று சொல்ல முடியாமல் மறைத்தார் என்று இத்தனை வருடம் நினைத்தேன். இப்போது என் மகள் ஒரு கோப்பையை உடைத்தாலும், என் கை பட்டு உடைந்தது என்று என் வாய் முந்திச் சொல்லிவிடுகிறது. அன்று மணலில் அத்தனை ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். அப்பா என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தது எதற்காக என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் இப்போது குவைத்தில் இருக்கிறாள். மாமி திரும்பி வந்த பிறகு அவள் போனாள். மாமாவின் சாவுக்கு அவளால் வர முடியவில்லை, தொலைபேசியில்தான் பார்த்தாள். யாரோ அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பந்தலுக்குள் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்: "மச்சானுக்கே நேரம் மாத்திச் சொன்ன மனுசன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். அவளுக்கு அது கேட்டுவிட்டது.

மூன்று நாள் கழித்து எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள். பின்னால் ஏதோ ஒரு வீட்டின் துணி துவைக்கும் இயந்திரத்தின் சத்தம்.

"மச்சாள், அப்பா உண்மையா அப்பிடிச் செஞ்சவரா? எனக்கு எப்பயும் அது நம்ப ஏலாமக் கிடந்த. அவரிட்ட நான் கேட்கவுமில்ல, கேட்டாச் செத்திடுவார் எண்டு விட்டுட்டன். இப்ப கேக்க ஆளில்ல. உங்கட அப்பாக்குத்தான் தெரியும். கேட்டுச் சொல்லுகா."

கேட்டேன். அப்பா என்னோடுதான் இருக்கிறார். சர்க்கரை வருத்தம், ஒரு கண் தெரியாது. என் மகளை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார்.

"அப்பா, அந்த மாரியில ஆத்துவாய் வெட்டின நேரம்..."

"அந்தக் கதை இப்ப எதுக்கு மகள்," என்றார். பிறகு என் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "புள்ளைக்கு எண்ண வையன், தலை காஞ்சிருக்கு," என்றார்.

எண்ணெய் எடுத்து வந்து வைத்தேன்.

உங்களிடம் கேட்க எனக்கு இருப்பது இதுதான். மாமா நேரம் சொல்லவே இல்லை, அது நான் சொன்ன நேரம் என்று அவளுக்கு எழுத வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை என்று காலையில் நினைக்கிறேன், மத்தியானம் சந்தேகம் வந்துவிடுகிறது. எழுதினால் அவள் ஊருக்குச் சொல்வாள், சொல்ல வேண்டும், அது அவளுடைய அப்பாவின் பெயர். அப்போது என் அப்பா மிச்சமிருக்கும் ஒரு கண்ணோடு அந்த ஊரில் எப்படி இருப்பார்? அவர் போகும் வரை பொறுக்கலாமா? மாமா போகும் வரை நான் பொறுத்ததும் இப்படித்தானே. அவளோ அடுத்ததாக, எந்த நிரலைப் பார்த்துச் சொன்னாய், தெரிந்தா தெரியாமலா என்று கேட்பாள். நானாயிருந்தால் அதைத்தான் கேட்பேன். அதற்கு என்னிடம் இருப்பது ஒரு கிழித்த பக்கம்.

அவளுடைய செய்தி வந்து இருபத்திரண்டு நாள். நான் கேட்டுவிட்டேன் என்பதைச் செய்திக்குப் பக்கத்தில் வரும் நீலக் குறி அவளுக்குக் காட்டியிருக்கும். பதிலில் "மச்சாள்" என்று மட்டும் அடித்து வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. என்னைவிடத் தெளிவாக யோசிக்கக்கூடிய அம்மாக்கள் உங்களில் இருப்பீர்கள். அதற்குப் பிறகு வர வேண்டிய வசனம் என்ன என்று சொல்லுங்கள்.